இலவசமாக வந்த தட்டுக்கு 30 பவுண்டா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: லண்டனுக்கு வெளியே ஒரு சாரிட்டி கடையில் (நன்கொடையாக வரும் பழைய பொருளை விற்று ஒரு தொண்டு அமைப்புக்குப் பணம் திரட்டும் கடை) பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, இருந்தது, 30 பவுண்டு என்று ஸ்டிக்கர். போனில் தேடினால் அதே தட்டு 12 பவுண்டுக்கும் இருக்கிறது, 900 பவுண்டுக்கும் இருக்கிறது. யாரோ சும்மா கொடுத்துவிட்டுப் போன பொருளுக்கு இந்த விலையை எதை வைத்துப் போடுகிறார்கள், பேரம் பேசலாமா, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது. பழைய தட்டுக்குச் ‘சரியான விலை’ என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அதைச் சொல்வது இணையமா, ஸ்டிக்கரா?

பல வருடங்களாகத் தெற்கு இங்கிலாந்தில் ஒரு சாரிட்டி கடையின் பின்னறையில் தட்டுகளைப் பிரித்து விலை போடும் தன்னார்வலராக இருக்கிறேன். கொஞ்சம் சொந்தச் சரக்கை ஆன்லைனிலும் விற்கிறேன். ஆகவே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். கடைக்குக் கடை பழக்கம் மாறும். எங்கே இது பொது விதி, எங்கே இது என் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 12க்கும் 900க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டும் ஒரே தட்டு இல்லை. 1973 மார்ச்சில் ஹார்வெஸ்ட் என்ற இசை நிறுவனப் பெயரில் எஸ்.எச்.வி.எல். 804 என்ற எண்ணோடு அந்த ஆல்பம் வந்தது. முதலில் அச்சான பிரதிகளில், தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள முக்கோணம் முழுக்க நீலம் நிரப்பியிருக்கும். அடுத்தடுத்த அச்சுகளில் அது வெறும் கோடாகிவிட்டது. உறையும் எண்ணும் மாறவில்லை. எழுபதுகள் முழுக்க விற்றுத் தீர்ந்து மறுபடி மறுபடி அச்சடித்ததால் அதே எண்ணில் ஏகப்பட்ட அச்சுகள் உண்டு. நிரப்பிய முக்கோணம் உள்ள நல்ல பிரதிக்குச் சேகரிப்பவர்கள் பல நூறு பவுண்டு கொடுப்பார்கள். கோடு முக்கோணம் என்றால் இருபது முப்பதில் ஓடும். இதற்கு மேல், உள்ளே இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் வந்திருந்தன. அவை மாணவர் விடுதிச் சுவர்களுக்குப் போய்விட்டன. அவை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. போனில் உறையைப் படம் எடுத்துத் தேடினால் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. உறையை மட்டும் பார்த்து விலை சொல்பவர் கடையில் இருந்தாலும் இணையத்தில் இருந்தாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

பீட்டில்ஸ் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1963இல் வந்த அவர்களுடைய முதல் எல்பி ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’, தொடக்கத்தில் கறுப்பு லேபிளில் பொன்னிற எழுத்தோடு வந்தது. சீக்கிரமே கறுப்பும் மஞ்சளுமான லேபிளுக்கு மாறிவிட்டது. அந்தப் பொன்னெழுத்திலும் ஸ்டீரியோ பிரதி மிகக் குறைவு. அது ஆயிரக்கணக்கில் போகும். இந்தச் செய்தி காதில் விழுந்த கடைகளில் பீட்டில்ஸ் என்று எழுதியிருந்தாலே கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். ‘ரெட்’, ‘ப்ளூ’ என்று சொல்லும் 1973இன் தொகுப்புத் தட்டுகள்கூட அங்கே 40 பவுண்டு ஸ்டிக்கரோடு தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவை ஊரெல்லாம் கிடைக்கும் சரக்கு.

இப்போது பின்னறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பெட்டி வருகிறது. பெரும்பாலும் வீடு காலி செய்யும்போது வரும் பெட்டி. திறந்தால் ஜேம்ஸ் லாஸ்ட், ஜிம் ரீவ்ஸ், மான்டொவானி, ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’, ரீடர்ஸ் டைஜஸ்ட் பெட்டித் தொகுப்பு. அறுபது எழுபதுகளில் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு வாங்கிய தட்டுகள் இவை. இப்போது அந்தத் தலைமுறையின் வீடுகள் காலியாகின்றன. வரத்து குவிகிறது, கேட்பவர் இல்லை. ஐம்பது பென்ஸுக்கும் போகாது. அடுக்கிவைக்கும் இடம்தான் நஷ்டம் என்பதால் பாதி நேராகக் கழிவுக்குப் போகிறது, அதற்கும் கடைதான் காசு கொடுக்க வேண்டும். ஆனால் நிறைய இருந்தாலே விலை இருக்காது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ 1977இல் வந்து கோடிக்கணக்கில் விற்ற தட்டு. அது அபூர்வமே கிடையாது. இருந்தும் கடையில் தட்டுகளை அடுக்கிவைக்கும் தொட்டியில் போட்ட அன்றே விற்றுப்போய்விடும், ஏனென்றால் இருபது வயதுப் பிள்ளைகளும் அதைத் தேடி வருகிறார்கள். தேடுபவர் எண்ணிக்கைதான் விலையைப் பிடித்து நிறுத்துகிறது.

பெட்டியில் நாலைந்து தட்டு கவனிக்க வேண்டியதாகத் தெரியும். இங்கேதான் கடைக்குக் கடை வேறுபாடு. இசை தெரிந்த தன்னார்வலர் இருந்தால் தட்டை வெளியே எடுத்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழவழப்பான பகுதியில் கீறியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படிப்பார். எந்த அச்சு என்பதை அதுதான் சொல்லும். உங்கள் ஃப்ளாய்ட் தட்டின் முதல் அச்சில் அங்கே ஏ-2, பி-2 என்று முடியும். அப்படி ஒருவர் இல்லாத கடையில் மேலாளர் போனை எடுப்பார், உறையைக் காட்டுவார், முதலில் வரும் தொகையைப் பார்ப்பார். முதலில் வருவது யாரோ கேட்கும் விலை. ஒருவர் 90 பவுண்டு என்று போட்டு மூன்று வருடமாக விற்காமல் வைத்திருப்பதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். விற்ற விலையைப் பார்க்க ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்ட வேண்டும், டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு இணையதளத்தில் விற்பனை வரலாற்றைத் திறக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் மூன்று பெட்டியும் கல்லாவில் வரிசையும் இருக்கும்போது அதற்கு யாருக்கு நேரம்? கடைகளில் பார்க்கும் அபத்த விலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அவசரம்தான் காரணம் என்பது என் கணிப்பு. பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

டிஸ்காக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று எல்லோருடைய விலைப் புத்தகமும் அதுதான். 2000இல் அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் இசைத் தட்டுகளுக்கான பட்டியலாகத் தொடங்கிய தளம், பிற்பாடு சந்தையாகவும் ஆனது. ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம், அதில் இதுவரை அங்கே விற்றதில் குறைந்த விலை, நடு விலை, அதிக விலை என்று மூன்று எண் இருக்கும். எல்லோரும் நடு விலையைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் இரண்டு ஓட்டை. ஒன்று, பளபளப்பான பிரதியும் கீறல் விழுந்த பிரதியும் ஒரே கணக்கில் கலந்திருக்கும். இரண்டு, தபால் செலவு அதில் சேராது. முதல் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு, சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் கோல்ட்மைன் தர அளவைப் பாருங்கள். கிட்டத்தட்டப் புதியது போன்ற பிரதிக்கு முழு விலை என்றால், ஒரு படி கீழே உள்ளதற்கு ஏறக்குறைய பாதி. அதற்கும் கீழே, கேட்கும்போது சரசரப்பு தெரியும் பிரதிக்குக் கால் பங்கு. இன்னும் ஒரு படி இறங்கினால் பத்து, பதினைந்து சதவீதம்தான். ஒரே அச்சு, ஒரே வருடம், நிலையை மட்டும் வைத்து 40 பவுண்டு தட்டு 5 பவுண்டு தட்டாகிவிடும். சாரிட்டி கடையில் யாரும் தட்டை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. 40ஐப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், உள்ளே இருப்பது 5.

‘ஆன்லைனில் இதைவிட மலிவு’ என்று சொல்பவர்கள் செய்யாத கணக்கு ஒன்று இருக்கிறது. எழுபதுகளின் ராக் எல்பி ஒன்று டிஸ்காக்ஸில் 12 பவுண்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தட்டு ராயல் மெயிலின் பெரிய கடித அளவுக்குள் நுழையாது, பார்சலாகத்தான் போகும். 4 பவுண்டு என்று வைப்போம். வாங்குபவர் கையிலிருந்து போவது 16. அந்த 16க்கும் டிஸ்காக்ஸ் 9 சதவீதம் எடுக்கும், தபால் செலவையும் சேர்த்தேதான்: 1 பவுண்டு 44 பென்ஸ். பணத்தைக் கைமாற்றித் தரும் நிறுவனத்துக்குச் சுமார் 75 பென்ஸ். நல்ல அட்டைப் பெட்டியும் அதன் உள்ளட்டைகளும் ஒரு பவுண்டு. தபால் 4. விற்பவர் கையில் நிற்பது 8 பவுண்டு 80 பென்ஸ். அதிலும் படம் எடுப்பது, தரம் எழுதுவது, ‘கீறல் இருக்கிறது, காசைத் திருப்பித் தா’ என்று வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எதற்கும் கூலி கிடையாது. ஈபேயில் தனியாட்கள் விற்றால் 2024 அக்டோபரிலிருந்து விற்பனைக் கட்டணம் இல்லை. அதற்குப் பதிலாக 2025 பிப்ரவரி முதல் வாங்குபவர் தலையில் ஒரு பாதுகாப்புக் கட்டணம் ஏறியிருக்கிறது. எப்படிச் சுற்றினாலும் கொடுப்பவர் கொடுப்பதற்கும் பெறுபவர் பெறுவதற்கும் நடுவே ஆறேழு பவுண்டு பள்ளம்.

கடைத் தொட்டியில் அந்தப் பள்ளம் கிடையாது. அதே நிலையில் உள்ள தட்டைக் கடை 9 பவுண்டுக்கு மேல் எதற்கு விற்றாலும் ஆன்லைனைவிட அதற்கு லாபம். நீங்கள் 16க்குக் கீழே எதற்கு வாங்கினாலும் உங்களுக்கு லாபம், அதுவும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறீர்கள். ஆகவே சரியான விலை என்று ஒற்றை எண்ணைத் தேடாதீர்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே எங்கே இருந்தாலும் அது நியாயமான விலை. நான் விலை போடும்போது ஆன்லைனில் உண்மையில் விற்ற விலைக்குக் கொஞ்சம் கீழே போடுவேன், 12 என்றால் 10. வாரத்துக்குள் போய்விடும். இது என் பழக்கம், விதி அல்ல. இதைவிட உயர்த்திப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் மேலாளர்களும் உண்டு, அவர்கள் கடை வாடகை வேறு, வாடிக்கையாளர் வேறு.

‘இலவசமாக வந்ததுதானே’ என்ற வாதத்துக்கு வருகிறேன். நன்கொடையாக வந்த பொருளை விற்கும்போது வாட் வரி பூஜ்யம், கட்டிடத்துக்கான உள்ளூர் வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. இவை உண்மை, கடைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் வாடகை, மின்சாரம், மேலாளர் சம்பளம் எல்லாம் மற்ற கடைகளைப் போலத்தான். கடை இருப்பதே அந்த அமைப்பின் வேலைக்குப் பணம் திரட்ட. மலிவாகக் கொடுப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட கடமை இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. பொருளைக் கொடுத்தவர் பிரிட்டனில் வரி கட்டுபவராக இருந்து கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். 30 பவுண்டு தட்டு கடைக்கு 37 பவுண்டு 50 பென்ஸ். விலையைக் குறைக்கும்போது அந்தக் கால் பங்கும் சேர்ந்தே குறைகிறது. எனக்குக் கடைகளிடம் உள்ள குறை வேறு. அந்த கிஃப்ட் எய்ட் ஸ்டிக்கரையும் விலை ஸ்டிக்கரையும் நேராக உறையின் மேல் ஒட்டுகிறார்கள். அறுபதுகளின் பிரிட்டிஷ் உறைகளுக்கு மேலே மெல்லிய பளபளப்புத் தாள் இருக்கும். ஸ்டிக்கரைப் பிய்த்தால் அதுவும் பிய்ந்து வரும். 30 பவுண்டு தட்டை 20 பவுண்டாக்க இரண்டு அங்குலப் பசை போதும். பிளாஸ்டிக் உறை ஒன்று சில பென்ஸ்தான்.

நல்ல தட்டெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விடுகிறது, கடையில் வண்டல்தான் என்று புலம்புகிறவர்களும் உண்டு. பாதி சரி. ஆக்ஸ்ஃபாம் 2007இலேயே தன் இணையக் கடையைத் திறந்துவிட்டது. ஈபே கணக்கு வைத்திருக்கும் சாரிட்டிகள் பல. விலை மதிப்புள்ளது கண்ணில் பட்டால் அங்கே போகும். ஆனால் கண்ணில் பட வேண்டுமே. கிளாசிக்கல் தட்டுகளைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கிளாசிக்கல் எல்பிக்கு ஒரு பவுண்டுகூட வராது என்பதால் யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் குவியலில்தான் ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வந்த கொலம்பியா நிறுவனத்தின் எஸ்.ஏ.எக்ஸ். என்ற எண் வரிசை ஸ்டீரியோ தட்டு கிடக்கும். அன்று ஸ்டீரியோ பெட்டி வைத்திருந்தவர் குறைவு, அதனால் அச்சும் குறைவு. லியனிட் கோகன் வயலின் வாசித்த பீத்தோவன் கான்செர்ட்டோ அந்த வரிசையில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. லண்டனில் ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பக்கம் உள்ள கடைகளில் இந்தியத் திரைப்பாட்டுத் தட்டுகள் வரும். உறையில் உள்ள எழுத்தைக் கடைக்காரரால் படிக்க முடியாது, அதனால் ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று எழுதிய தொட்டியில் ஒரே விலையில் கிடக்கும். இளையராஜாவின் எண்பதுகள் எல்பி ஒன்று அங்கே ஆர்.டி. பர்மனோடு தோளோடு தோள் நிற்கும். இவற்றின் இணைய விலையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஃப்ளாய்ட் தட்டின் நடு விலைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான விற்பனை இருக்கும். ஒரு தமிழ்ப் படத் தட்டுக்குப் பின்னால் மூன்றோ நாலோதான் இருக்கும், அதில் ஒருவர் ஆசைப்பட்டு அள்ளிக் கொடுத்திருந்தால் அதுவே ‘சந்தை விலை’ ஆகிவிடும்.

கடையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். அனுமதி கேட்டுத் தட்டை வெளியே எடுங்கள், விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடித்து. முதலில் உறையில் சொன்ன தட்டுதானா உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மாறிப்போய் வருவது சகஜம். ஜன்னல் வெளிச்சத்தில் அல்லது போன் டார்ச்சில் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைபோல் மேலோட்டமாகத் தெரியும் கோடுகள் பெரும்பாலும் ஓசை தராது. குறுக்கே வெட்டிச் செல்லும், ஆழம் தெரியும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று அடிக்கும். இதைவிட ஆபத்து, கீறலே இல்லாமல், ஊசி ஓடும் வரித்தடம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடப்பது. அந்தக் காலத்து டான்செட் மாதிரி ரெக்கார்ட் ப்ளேயர்களின் கனமான ஊசி உழுத தடம் அது. எவ்வளவு கழுவினாலும் கரகரப்பு போகாது, உள்வட்டத்துப் பாட்டுகளில் இன்னும் அதிகம். வீட்டுப் பிள்ளைகள் தேயத் தேய ஓட்டிய அறுபதுகளின் பாப் தட்டுகளில் சுத்தமான பிரதி அவ்வளவு விலை போவது இதனால்தான். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் சிலந்திக் கால்போல் கோடுகள் இருந்தால், அந்தத் தட்டைப் பலமுறை தடவித் தடவிச் சுழலியில் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்தால் வளைவு தெரியும். கடைசியாக உறையை மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், வீட்டில் உள்ள மற்ற உறைகளுக்கும் பரவும்.

பேரம் பேசலாமா? பேசலாம், ஆனால் கல்லாவில் நிற்கும் தன்னார்வலரிடம் வேண்டாம். அவருக்குக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது, சங்கடப்படுவார். மேலாளரைக் கேளுங்கள். ‘ஆன்லைனில் 12’ என்று போனை நீட்டுவது வேலைக்கு ஆகாது; ‘இந்த இடத்தில் ஆழமான கீறல் இருக்கிறது, போஸ்டரும் இல்லை, 20 என்றால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று தட்டைக் காட்டிப் பேசினால் காதில் ஏறும். இன்னொன்று, பல கடைகளில் விலைச் சீட்டின் மூலையில் சின்னதாக ஓர் எண் இருக்கும், எந்த வாரம் வெளியே வைத்தார்கள் என்பதற்கான குறி. சில வாரம் போகாத சரக்கை இறக்கிவிடுவார்கள் அல்லது வேறு கடைக்கு அனுப்புவார்கள். நாலு வாரமாக நிற்கும் தட்டுக்குப் பேரம் எளிது. நேற்று வந்ததற்குக் கஷ்டம்.

விலைகள் இனி எப்படிப் போகும் என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் 2007இல் புதிய வினைல் ஆல்பம், அதாவது புது இசைத்தட்டு, இரண்டு லட்சம் அளவுக்குத்தான் விற்றது, 2023இல் 59 லட்சம். இது உறுதியான தகவல். புதுத் தட்டே 25, 30 பவுண்டு என்று ஆன பிறகு, பழையதை ஐந்து பவுண்டுக்குக் கொடுக்கக் கடைகளுக்கு மனம் வராது; ஸ்டிக்கர்கள் ஏறியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். இனி எல்லாமே ஏறும் என்று சொல்வதை நான் நம்பவில்லை. ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல், எல்விஸ் எல்லாம் என் கண் முன்னாலேயே இறங்கியிருக்கின்றன, தேடியவர்களுக்கு வயதாகிவிட்டது. முதலீடாக நினைத்து வாங்காதீர்கள், கேட்க வாங்குங்கள்.

உங்கள் 30 பவுண்டு தட்டைப் படம்கூடப் பார்க்காமல் இதுதான் விலை என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் போய்ப் பாருங்கள். லேபிளில் முக்கோணம் நீலமாக நிரம்பியிருந்தால் பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெறும் கோடாக இருந்து, தடம் பளபளவென்று இருந்து, இரண்டு போஸ்டரும் உள்ளே இருந்தால் 30 நியாயம். 25க்குக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. போஸ்டர் இல்லை, தடமும் சாம்பல் பூத்திருக்கிறது என்றால் 10க்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். குழப்பமாக இருந்தால் லேபிளுக்குப் பக்கத்தில் கீறியிருக்கும் எழுத்தை இரண்டு பக்கத்திலும் பார்த்து அப்படியே இங்கே எழுதுங்கள், எந்த அச்சு என்று பார்த்துச் சொல்கிறேன்.